நாலாவது ஹெலிகாப்டர்

மார்ச் 3

தம்பி,

நேற்று நீ போனை வைத்த வேகத்தில் பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு மேடம்?" என்றார். "ராங் நம்பர்" என்றேன். பாதுகாப்பு முன்னுரிமைக் குழுவின் செயலாளருக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவன் கடலோர நிலையத்தில் ஹெலிகாப்டர்களைக் கட்டி மேய்க்கிற பொறியாளன் என்பது இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. குரல்தானே உனக்குப் பிடிக்கவில்லை, எழுத்தாவது பிடிக்கிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆணை உன் கைக்கு வந்திருக்கும். உங்கள் நாலாவது ஹெலிகாப்டருக்கு இந்த வருஷம் ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கிற வேலை, கிடையாது என்று போட்டிருப்பதுதானே கோபம்? கொஞ்சம் பொறுமையாகக் கேள். மூன்று படைகளும் சேர்ந்து கேட்டது, நிதி அமைச்சகம் விதித்த உச்சவரம்பைப் போல இரண்டு மடங்கு. சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஓய்வூதியத்தில் கை வைத்தால் தெருவில் இறங்கிவிடுவார்கள். ரோந்துக் கப்பல்களுக்குப் பழைய மந்திரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார், தவணை கட்டியே ஆகவேண்டும். வாடகையும் கடனும் கட்டியபிறகு ஒரு வீட்டில் மிஞ்சுவது சாப்பாட்டுக் காசு மட்டும்தானே? அதுபோல எனக்கு வெட்ட மிஞ்சுவது எரிபொருள், பயிற்சி, உதிரி பாகம். வேறு எதிலும் கத்தரி நுழையாது.

எங்கள் குழுவின் நீள மேஜையில் வாரக்கணக்கில் உட்கார்ந்து பார். வருகிற ஒவ்வொரு படைக்காரரும் "இது இல்லைன்னா நாடே போச்சு" என்றுதான் ஆரம்பிக்கிறார். ஒரே நாளில் ஐந்து முறை நாடு போனது. டீ வரும்போது மட்டும் திரும்பி வந்தது.

உன்னைப் பொறுத்தவரை எதுவும் குறையாது. இருக்கிற மூன்றை வைத்துத்தானே எல்லா வேலையையும் ஓட்டுகிறாய்? நீயே சொன்னதுதான்.

அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் மே மாதம் வைத்திருக்கிறார்கள். "சின்னவன் வருவானா?" என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கேட்கிறாள். முந்திரிக்கொட்டை, கோபத்தைக் கடலில் போட்டுவிட்டு பதில் எழுது.

அக்கா


மார்ச் 10

அக்கா,

"நீயே சொன்னதுதான்." இதை எழுதும்போது உன் கை கூசவில்லையா?

ஆணையை எங்கள் நிலையத் தளபதி ஹேங்கர் கொட்டகையில் வைத்து எல்லோர் முன்னாலும் படித்தார். "இந்நிலையம் தனக்கே உரிய சமாளிப்பு முறைகளால் மூன்று ஹெலிகாப்டர்களைக் கொண்டே நான்கின் பணியையும் நிறைவேற்றி வருவதால்" என்று போகிறது வாக்கியம். படித்து முடித்துவிட்டு, "நம்ம சமாளிப்பு தலைநகரம் வரைக்கும் மணக்குதே, யாருய்யா போய்ச் சொன்னது?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். டிசம்பரில் லீவுக்கு வந்திருந்தேன். உன் சமையலறை மேஜை. அத்தான்தான் ஆரம்பித்தார்: "நாலு ஹெலிகாப்டர வச்சுக்கிட்டு ராஜா மாதிரி இருக்கீங்க மாப்ளே." நான் பேசாமல் சாப்பிட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். ஹேங்கர் மூலையில் நிற்கிற வள்ளலைப் பற்றிச் சொன்னேன். மற்ற மூன்றில் எது பழுதானாலும் அதிலிருந்து கழற்றிக் கழற்றிக் கொடுத்து, இப்போது வெளியே பெயிண்டும் உள்ளே காற்றுமாக நிற்கிற நாலாவது. கேட்டவனுக்கெல்லாம் கொடுத்ததால் எங்கள் ஆட்கள் வைத்த பெயர் வள்ளல். ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில் காலையில் மூன்றை ஓட்டிக் காட்டுவோம். அவர்கள் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்ததும் ஒன்றிலிருந்து வேண்டியதைக் கழற்றி வள்ளலுக்குள் மாட்டுவோம். அவர்கள் கை கழுவிவிட்டு வரும்போது வள்ளல் விசிறி சுற்ற நிற்கும். அதனால்தான் எங்கள் மெஸ்ஸில் ஆய்வு நாளன்று மட்டும் பரிமாறுகிறவர் அவ்வளவு மெதுவாக நடப்பார்.

அத்தான் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அம்மா சிரித்தாள். நீயும் சிரித்தாய். இன்னொரு கரண்டி போட்டுவிட்டு, "அப்ப மூணை வச்சே எல்லாத்தையும் சமாளிச்சிடுறீங்களா?" என்று கேட்டாய். எவ்வளவு சாதாரணமாகக் கேட்டாய். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒரு மீட்பு அழைப்பைக்கூட விட்டதில்லை" என்றேன்.

எங்கள் மெஸ்ஸில் முன்னுரிமைக் குழுச் செயலாளருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். அது என் அக்கா என்று தெரியாமல் வைத்த பெயர். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. நான் அக்காவிடம் சொன்னேன், கத்தரிக்கோலிடம் சொல்லவில்லை. நீ செய்ததற்குத் தமிழில் ஒரே பெயர்தான். துரோகம்.

அம்மாவின் ஆபரேஷனுக்கு வருவேன். உன் வீட்டில் சாப்பிட மாட்டேன்.

பொறியாளர், கடலோர நிலையம்


மார்ச் 16

தம்பி,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். மறுபடி படித்தேன், கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நாலு வருஷமாக அந்த மேஜையில் உன் நிலையத்துக்காகப் பேசியது யார்? "கடலோர நிலையம், நான்கு ஹெலிகாப்டர், நான்கும் பறக்கத் தகுதி" என்று வருஷா வருஷம் எழுந்து நின்று படித்தது நான். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "நாலுமா?" என்பார். "நாலும்தான் சார்" என்பேன். மற்ற நிலையங்கள் அனுப்பும் எண்ணிக்கையை நோண்டி நோண்டிக் கேட்பேன். உன்னுடையதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை, ஏனென்றால் கீழே இருந்தது உன் கையெழுத்து. உனக்கு எழுத்து பழக்கியதே நான்தானே, அந்தக் கையெழுத்தா பொய் சொல்லும்?

டிசம்பரில் அந்த மேஜையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன், நாலு வருஷம் நான் எழுந்து நின்று படித்தது முழுப் பொய் என்று. நீயோ அதை எங்களைச் சிரிக்கவைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நானும் சிரித்தேன் என்கிறாய். அம்மா பக்கத்தில் இருக்கும்போது வேறென்ன செய்வது? அதற்குப் பிறகு நான் ஒரு வாய்கூடச் சாப்பிடாததை நீ பார்க்கவில்லை. அத்தான் சிரிக்கிறாரா என்று பார்ப்பதில் மும்முரமாக இருந்தாய்.

பிறகு பட்ஜெட் வந்தது. நாலாவதுக்கு ஓவர்ஹால் கேட்டு உங்கள் தளபதி எழுதியிருந்தார். உள்ளே ஒன்றுமே இல்லாததற்கு என்ன ஓவர்ஹால்? அந்தப் பணத்தில் மற்ற மூன்றுக்கும் பாகம் வாங்கிக்கொள்வீர்கள். நல்ல காரியம்தான், ஆனால் அதே பணத்தை மலை எல்லைச் சாவடிகளும் கேட்டிருந்தன. அங்கே கிழிந்த கோட்டோடு பனியில் நிற்கிறார்கள், அது பொய்யில்லை. உண்மையைச் சொன்னால் உன் வேலை போகும், ஜெயில்கூட வரலாம். தெரிந்துகொண்டே கொடுத்தால் நான் திருடி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடித்தேன். சமாளிக்கிறார்கள். உன்னைக் காட்டிக்கொடுக்காமல், புகழ்கிற மாதிரி புகழ்ந்து வெட்டினேன். உன் கழுத்தைக் காப்பாற்ற எழுதிய வாக்கியம் அது.

துரோகம் என்றால் அதை முதலில் ஆரம்பித்தது யார் என்று நீயே யோசி. எனக்குச் சொல்ல நாலு வருஷம் இருந்தது உனக்கு. சொன்னது சாப்பாட்டுக்கு நடுவில், ஜோக்காக.

அக்கா


மார்ச் 24

அக்கா,

நீ காப்பாற்றிய கழுத்தைப் பற்றி ஒரு செய்தி. இன்று இரண்டாவது ஆணை வந்தது. மூன்றைக் கொண்டே பணி நடப்பதால், நாலாவது ஹெலிகாப்டரை ஏப்ரல் முடிவதற்குள் தீவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டுமாம். வள்ளலைப் பறந்து வரச் சொல்லியிருக்கிறார்கள், கடலுக்கு மேலே.

எங்கள் மூத்த மெக்கானிக் வள்ளலின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு, "சார், எதிரொலி கேக்குது" என்றார். சிரிக்கப் பார்த்தோம்.

பொய் எழுதினாய் என்று குற்றம் சொல்கிறாயே, ஏன் எழுதினாய் என்று கேட்டாயா? நான் இங்கே சேர்ந்த புதிதில் வடக்கு நிலையத்துப் பொறியாளர் உண்மையை எழுதினார். மூன்றில் ஒன்றுதான் பறக்கும், பாகம் அனுப்புங்கள் என்று. பாகமா வந்தது? "ஒரே ஒரு ஹெலிகாப்டருக்கு ஒரு நிலையமா?" என்று மூடிவிட்டீர்கள். இன்றைக்கு அந்தக் கரையில் ஒரு படகு கவிழ்ந்தால் நாங்கள்தான் இங்கிருந்து பறந்து போகவேண்டும். போய்ச் சேரும்போது பாதிப் பேர் இருப்பதில்லை. உண்மை எழுதியவனுக்குப் பூட்டு, பொய் எழுதியவனுக்கு ஒதுக்கீடு. இந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தியது உங்கள் மேஜை.

திடீர்ப் பழுது என்று எழுதித் தப்பிக்கலாமே என்று சொல்லாதே. எழுதினால் மத்தியப் பணிமனையிலிருந்து ஆள் வந்து திறப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம்தான் நாங்கள், ஆனால் திறந்த வயிற்றில் எதை வைத்து மறைப்பது? தளபதிக்கு ஜூனில் பதவி உயர்வு. "எப்படியாவது அனுப்பிடுவோம்" என்கிறார்.

நீ நிறுத்து. தீவில் எரிபொருள் இல்லை, கொட்டகை இல்லை, எதையாவது எழுது. வாக்கியம் தேடிப் பிடிப்பதில்தான் நீ கெட்டிக்காரி ஆயிற்றே.

பொறியாளர், கடலோர நிலையம்


மார்ச் 31

தம்பி,

அந்த ஆணையை நான் எழுதவில்லை. என் வாக்கியம் எழுதியது.

தீவு நிலையத்தில் இருந்த ஒரே ஹெலிகாப்டர் புயலில் போய்விட்டது. புதிதாக வாங்கக் காசில்லை. தலைவர் மேஜையைச் சுற்றிப் பார்த்து, "யார்கிட்டயாவது ஒண்ணு உபரியா இருக்கா?" என்றார். விமானப்படைக்காரர் என் தாளை இழுத்து அதில் விரலை வைத்தார். "மூணுலயே சமாளிக்கிறாங்கன்னு மேடமே எழுதியிருக்காங்களே." தலைவர் என்னைப் பார்த்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

உன் கடிதம் வந்தபிறகு, அடுத்த கூட்டத்தில் நீ சொன்ன காரணங்களையும் போட்டுப் பார்த்தேன். எரிபொருள் என்றேன், கடற்படை தருகிறேன் என்றது. கொட்டகை என்றேன், காலியாகத்தான் கிடக்கிறது என்றார்கள். மூன்றாவது முறை வாயைத் திறந்ததும் தலைவர், "இந்த நிலையத்து மேல உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை?" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

இனி ஒரே வழிதான். நீ எழுது. நாலாவது பறக்காது, பறந்து நாலு வருஷம் ஆகிறது என்று நீயே எழுது. தானாக ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று அத்தானின் வக்கீல் நண்பரிடம் யாருக்கு என்று சொல்லாமல் விசாரித்துவிட்டேன். வேலை போகலாம். போனால் போகட்டும், கையில் தொழில் இருக்கிறது. உங்கள் தளபதி தோளில் இன்னொரு பட்டை ஏறுவதற்கு நீ ஏன் முதுகு கொடுக்க வேண்டும்?

வடக்கு நிலையம் பற்றி நீ எழுதியது சரி. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

எழுது தம்பி. இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

எழுத மாட்டேன். கையெழுத்து என்னுடையதுதான், கழற்றி மாட்டிய கைகள் நிறைய. நான் ஒரு வரி எழுதினால் ஹேங்கரே உள்ளே போகும். அதில் பாதிப் பேருக்கு நான்தான் வேலை பழக்கினேன்.

வள்ளலை நிரப்பிவிட்டோம். வாழ்நாளெல்லாம் கொடுத்தவனுக்கு இந்த இரண்டு வாரம் எல்லோரும் திருப்பிக் கொடுத்தோம். ஒன்றிலிருந்து பம்ப், இன்னொன்றிலிருந்து மீட்டர்கள், பழைய சாமான் பெட்டிக்கு அடியில் கிடந்த குழாய்கள். வால் விசிறியைச் சுற்றவைக்கிற கியர்பாக்ஸ் மட்டும் கிடைக்கவில்லை. மற்ற மூன்றில் எதிலிருந்து எடுத்தாலும் அது மீட்புக்குப் போக முடியாது. அதனால் ஆயுள் முடிந்தது என்று முன்பு கழற்றிப்போட்ட பழைய கியர்பாக்ஸைத் துடைத்து மாட்டியிருக்கிறோம். கையால் சுற்றினால் சுற்றுகிறது. காதை வைத்துக் கேட்டேன். எனக்குப் பிடிக்காத ஒரு சத்தம் இருக்கிறது. அது சத்தமா, என் பயமா, தெரியவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு, உனக்குச் சொன்னதில்லை. பெரிய வேலை முடிந்து ஹெலிகாப்டர் முதல் தடவை பறக்கும்போது கையெழுத்துப் போட்ட பொறியாளன் கூடவே ஏற வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லை. ஏறாதவன் கையெழுத்தைப் பைலட்டுகள் மதிப்பதில்லை, அவ்வளவுதான். ஓட்டப்போவது மௌனி. நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் அந்தப் பெயர். நான் கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தான். "நீங்க ஏறுறீங்கல்ல?" என்றான். "ஏறுறேன்" என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டான். என்ன மாட்டியிருக்கிறோம் என்று அவனுக்கும் தெரியும். அவன் மனைவிக்கு ஏழாவது மாதம்.

இருபதாம் தேதி காலையில் கிளம்புகிறோம். நிலையத்து போனில் இதையெல்லாம் பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். உன்னோடு சண்டைதான், இருந்தாலும் வேறு யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன், யாரும் வரவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

உன் தம்பி


ஏப்ரல் 18

தம்பி,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. மதியம் தலைவர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நாலாவதுக்குள் இருப்பது குப்பை, எண்ணிக்கை பொய், பறக்கவிடாதீர்கள் என்று. என் முன்னாலேயே போனை எடுத்தார். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே ஆட்கள் வந்திருப்பார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "அந்தப் பொறியாளர் என் தம்பி சார்" என்றேன். இந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தையை முதல் தடவையாகச் சொன்னேன். பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. "எப்போலேருந்து தெரியும்?" என்றார். "இந்த வாரம்தான்" என்றேன்.

என்னைத் திட்டு, உன் ஆத்திரம் தீரும்வரை திட்டு. ஒன்று மட்டும் கேட்கிறேன். விசாரணை வைப்பார்கள். எனக்கு இந்த வாரம்தான் தெரியும் என்று நீயும் சொல். டிசம்பர் மேஜை வேண்டாம். இரண்டு பேருக்கும் வேலை போனால் அம்மாவின் கண்ணை யார் பார்ப்பது? அத்தான் சம்பளம் வீட்டு வாடகைக்குச் சரியாகப் போய்விடும். எனக்காக உன்னிடம் இதற்கு முன் எதுவும் கேட்டதில்லை.

உயிரோடு இரு. மற்றதை அப்புறம் பார்ப்போம்.

அக்கா


மே 6

அக்கா,

வந்தார்கள். வள்ளலைத் திறந்தார்கள். எங்கள் ஆட்களை ஹேங்கர் சுவர் ஓரமாக வரிசையாக நிற்கவைத்து, எது எதிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு பாகமாகக் கேட்டார்கள். மூத்த மெக்கானிக் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலை நான் சொன்னேன். தளபதி, "எனக்கு எதுவுமே தெரியாது, இன்ஜினியரை நம்பினேன்" என்றார். அன்று சாயங்காலமே என் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து இருந்த அறை.

நீ சொன்னதால்தான் நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தோன்றும். இருக்கலாம். ஆனால் அந்தக் கடிதத்தை உன்னைத் தலைவர் அறைக்கு அனுப்புவதற்காக நான் எழுதவில்லை. பயமாக இருந்தது, எழுதினேன். முதல் தடவை அக்காவிடம் சொன்னதைக் கத்தரிக்கோல் கேட்டது. இரண்டாவது தடவை அக்காவுக்கு எழுதியதைக் கத்தரிக்கோல் படித்தது. இனி என் மனசில் இருப்பதை யாரிடமும் சொல்வதாக இல்லை. அந்தப் பழக்கத்தை நீ விடவைத்துவிட்டாய்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர், "உங்க அக்காவுக்கு எப்போ தெரியும்?" என்றார். நீ கேட்டுக்கொண்டது நினைவில் இருந்தது. "ஏப்ரல்" என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. பிறகு "டிசம்பர்" என்றேன். சமையலறை மேஜை, அத்தான் கேட்டது, நீ சிரித்தது, இன்னொரு கரண்டி போட்டுவிட்டுக் கேட்டது, எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "கரண்டியையும் எழுதணுமா சார்?" என்று கேட்டார். "எழுதுங்க" என்றார் நடுவில் இருந்தவர்.

ஆத்திரத்தில் உளறிவிட்டேன் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளாதே. நிதானமாகத்தான் சொன்னேன். உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே சொன்னேன்.

முன்னாள் பொறியாளர்


ஜூன் 15

தம்பி,

என்னைப் பணியிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரர் என் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளர், குடை, அம்மாவின் பழைய மூக்குக்கண்ணாடி. வாசலிலேயே நின்று, "ராங் நம்பர்னு சொன்னீங்களே மேடம்" என்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. உனக்கே தெரியும். நான் டீ வாங்கக் கீழே போன நேரம் பார்த்து வந்துவிட்டுப் போய்விட்டாய் என்று நர்ஸ் சொன்னாள். கண்ணில் கட்டோடு அம்மா, "கையப் புடிச்சிக்கிட்டே இருந்தான், ஒரு வார்த்தை பேசலை" என்றாள். மாடிப்படியில் நாம் எதிரெதிரே வந்திருக்க வேண்டும். நீ லிஃப்டில் இறங்கினாயா?

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் விவகாரத்துக்குப் பிறகு எல்லா நிலையங்களையும் ஒரே நாளில் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு வள்ளல் நின்றிருக்கிறது. ஒரு இடத்தில் இரண்டு. யாருக்கு முதலிடம், யாருக்குக் கடைசி இடம் என்று வாரக்கணக்கில் நாங்கள் அடித்துக்கொண்டதெல்லாம் இல்லாத இயந்திரங்களை எண்ணிக்கொண்டு. இப்போது ஒரு ரோந்துக் கப்பலைத் தள்ளிப்போட கம்பெனியைச் சம்மதிக்க வைத்து, அந்தப் பணத்தை உதிரி பாகங்களுக்குத் திருப்பியிருக்கிறார்கள். முடியவே முடியாது என்று நான் நினைத்திருந்த காரியம். உங்கள் நிலையத்துக்கும் புது கியர்பாக்ஸ்கள் வருகின்றன. நீ இல்லாத நிலையத்துக்கு, நான் இல்லாத மேஜையிலிருந்து. உங்கள் தளபதிக்குப் பதவி உயர்வும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

டிசம்பர் என்று நீ சொன்னது உண்மை. நாலாவது பொய் என்று நான் சொன்னதும் உண்மை. பொய் சொன்ன காலத்தில் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம். உண்மை பேசியதெல்லாம் காட்டிக்கொடுப்பதில்தான் முடிந்தது.

ஏப்ரல் பதினெட்டுக்காக நான் வருத்தப்படவில்லை. அதே கடிதம் திரும்ப வந்தால் மதியம் வரைகூடக் காத்திருக்க மாட்டேன், காலையிலேயே போய்ச் சொல்வேன். ஆனால் எனக்காக நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நீ செய்யவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை.

அத்தான் இப்போதெல்லாம் சாப்பிடும்போது யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

அக்கா


ஜூலை 8

அக்கா,

மீன்பிடிப் படகுகளுக்கு மோட்டார் பழுதுபார்க்கிற பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். இங்கே மோட்டார் ஓடாது என்றால் ஓடாது என்று சொல்லலாம். அதற்காக யாரும் பட்டறையை மூடுவதில்லை.

லிஃப்டில்தான் இறங்கினேன்.

நேற்று மௌனி ஒரு அறிக்கையின் நகலோடு தேடிக்கொண்டு வந்தான். அந்தப் பழைய கியர்பாக்ஸை மத்தியப் பணிமனையில் அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். பல்சக்கரத்தின் அடியில் விரிசல், முக்கால் சுற்றுக்கு ஓடியிருக்கிறதாம். வள்ளல் பாதிக் கடல்கூடத் தாண்டியிருக்காது. எனக்குப் பிடிக்காத ஒரு சத்தம் என்று உனக்கு எழுதினேனே, அது பயம் இல்லை, சத்தம்தான். அது தெரிந்தும் ஏறியிருப்பேனா என்று நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏறியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அவனையும் கூட்டிக்கொண்டு.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. போட்டோ காட்டினான். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தான். கிளம்பி வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து, "உங்க அக்காவுக்கு நன்றி சொல்லிடுங்க" என்றான். நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவன், அதில் நாலை உனக்குச் செலவழித்தான்.

அம்மாவுக்குச் சொட்டு மருந்து மறக்காமல் விடு. சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டேன். அது அவனுடைய நன்றி. என்னுடையது அதில் இல்லை.

தம்பி